வரன், வரம், ஓர் அண்டா

கேள்வி: எனக்கு 36 வயது, கிறிஸ்தவப் பெண். கல்யாணம் அமையவில்லை. சபையில் கேட்டால் "தனித்திருப்பதும் ஒரு வரம்தான்" என்கிறார்கள். எனக்கு அது வரமாகத் தெரியவில்லை. வேதம் உண்மையில் என்ன சொல்கிறது?

சகோதரி, எனக்கு 47 ஆகிறது. ஊத்துக்குளிப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மாவோடு இருக்கிறேன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நீங்கள் கேட்ட இதே கேள்வியைப் பத்து வருடம் மனதில் வைத்திருந்தேன். வரன், வரம் இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்துதான், ஆனால் முதலாவது கிடைக்காதவர்களுக்கு ஆறுதலாகக் கொடுக்கிற இரண்டாவது பொருள் மாதிரி அதை நம்மிடம் நீட்டும்போது கோபம் வராமல் எப்படி இருக்கும்.

எங்கள் சபையில் ஓய்வு பெற்ற ஆயர் ஒருவர் சனிக்கிழமை மாலைகளில் நாலு பேருக்குக் கிரேக்கம் சொல்லிக் கொடுத்தார். 2016ல் சேர்ந்தேன், மூன்று வருடம் போனேன். பண்டிதை ஆகிவிடவில்லை, ஆனால் கல்யாணத்தைப் பற்றிப் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தைக் கிரேக்க மூலத்தில் அகராதியோடு உட்கார்ந்து சொல் சொல்லாகப் படிக்க முடிந்தது. அதில் எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த "வரம்". அந்த அதிகாரத்தின் 7ஆம் வசனத்தில் "அவனவனுக்குத் தேவனால் அருளப்பட்ட அவனவனுக்குரிய வரமுண்டு" என்ற இடத்தில் உள்ள சொல் காரிஸ்மா. கிருபை என்று நாம் சொல்லும் காரிஸ் என்பதிலிருந்து வருவது, இலவசமாகக் கொடுக்கப்பட்டது என்று பொருள். ரோமர் 6:23ல் நித்திய ஜீவனுக்கும் இதே சொல்தான். நித்திய ஜீவனை யாரும் தன்னுடைய திறமை என்றோ மனநிலை என்றோ நினைப்பதில்லையே. ஆனால் நம் பக்கம் "தனித்திருக்கும் வரம்" என்றால் ஆசையே எழாத ஒரு மனசு என்று அர்த்தம் பண்ணிவிட்டார்கள், அந்த மனசு இல்லையா, அப்போது உனக்கு வரம் இல்லை என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். வசனம் அப்படிச் சொல்லவில்லை. அதோடு "ஒருவனுக்கு ஒருவிதமாயும், மற்றொருவனுக்கு வேறுவிதமாயும்" என்று சொல்லும்போது பவுல் கல்யாணம் ஆனவர்களுடைய நிலைமையையும் அதே சொல்லுக்குள் வைக்கிறார். அவர்களிடம் யாரும் போய் உங்களுக்குக் கல்யாண வரம் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

அடுத்தது, நம்மிடம் எல்லோரும் தூக்கிப் போடுகிற ஆதியாகமம் 2:18. "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல." பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த "நல்லது" காலொன், "தனிமையாய்" மோனொன். பவுல் 1 கொரிந்தியர் 7ன் 8ஆம் வசனத்தில் விவாகமில்லாதவர்கள் தன்னைப்போல இருந்துவிட்டால் நலம் என்கிறாரே, அந்த நலமும் காலொன்தான். தேவன் நல்லதல்ல என்றதைப் பவுல் நல்லது என்கிறாரா? இல்லை, இங்கே மோனொன் இல்லை. பவுல் எழுதுவது அகாமொஸ், மணமாகாதவர், அவ்வளவுதான். அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் நாலே இடம், நாலும் இந்த அதிகாரத்தில். மணமாகாமல் இருப்பதும் ஆளில்லாமல் இருப்பதும் ஒன்று என்று நம் சொந்தக்காரர்கள் நினைக்கலாம், பவுல் நினைக்கவில்லை. நல்லதல்ல என்று சொன்ன தனிமை இன்றும் நல்லதல்லதான், ஆகவே பேசவும் சேர்ந்து சாப்பிடவும் ஆட்களைத் தேடிக்கொள்ளுங்கள், அதில் வெட்கமே வேண்டாம்.

என்னை மாற்றிய சொல் இன்னொன்று. மத்தேயு 19ல் பரலோக ராஜ்யத்தினிமித்தம் கல்யாணம் இல்லாமல் இருப்பவர்களைப் பற்றி இயேசு பேசிவிட்டு, "இதை ஏற்றுக்கொள்ள வல்லவன் ஏற்றுக்கொள்ளக்கடவன்" என்பார். எனக்கு அந்த வசனம் பயமாக இருந்தது, வல்லவள் இல்லையே நான். அங்கே உள்ள வினைச்சொல் கோரெயின். இடம் கொடுப்பது, பிடிப்பது, கொள்வது. இதே சொல் யோவான் 2ல், கானாவூர்க் கல்யாண வீட்டில் வருகிறது, "இரண்டு மூன்று குடம் தண்ணீர் கொள்ளத்தக்க" கற்சாடிகள். நம் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் "கொள்" இருக்கிறது, இத்தனை வருடம் கண்ணில் படவே இல்லை.

இதைப் படித்த அடுத்த மாதமே காங்கேயத்தில் சித்தப்பா மகள் கல்யாணம். மேடைப் பக்கம் நின்றால் "ஏனம்மிணி, உனக்கு இன்னும் ஒண்ணும் அமையலையா" என்று ஆரம்பித்துவிடுவார்கள் என்று சமையல்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அங்கே ஒரு பெரிய பித்தளை அண்டா, அடியில் கரி பிடித்து, ஒரு பக்கம் நசுங்கி இருந்தது. இந்த அண்டா போதுமா என்று கேட்டதற்குச் சமையல்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதெல்லாம் பதினஞ்சு கொடம் கொள்ளுமுங்க" என்றார். எனக்கு அப்படியே நின்றுவிட்டது. அண்டா தன் பலத்தால் எதையும் செய்யவில்லை, நசுங்கியும் இருக்கிறது, ஊற்றினால் கொள்கிறது. வல்லவளா நீ என்று என்னைப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்த வசனம் அன்றைக்கு, இந்த வருடம் உனக்கு ஊற்றியது உனக்குள் நிற்கிறதா பார் என்று கேட்கிற வசனமாக ஆயிற்று. நின்றது. அழுகையோடு நின்ற வருடங்களும் உண்டு, அப்பா போன வருடம் அப்படித்தான்.

"தனித்திருக்கும் அழைப்பு" என்கிறார்களே, அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. 1 கொரிந்தியர் 7ன் 20ஆம் வசனத்தில் வரும் க்ளேசிஸ், அழைப்பு, கிறிஸ்துவிடம் வரும்படி கூப்பிட்ட அழைப்பு. விருத்தசேதனம், அடிமைத்தனம் என்று பவுல் அங்கே காட்டும் உதாரணங்களைப் பாருங்கள், நீ இருந்த இடத்துக்கே அழைப்பு வந்தது என்கிறார், அதே மூச்சில் அடிமைக்கு விடுதலை கிடைத்தால் பெற்றுக்கொள் என்றும் சொல்கிறார். ஆகவே சாகும்வரை இப்படியே என்று யாரும் உங்களிடம் பொருத்தனை வாங்க வேண்டியதில்லை. 35ஆம் வசனத்தில் "கண்ணியில் அகப்படுத்தவேண்டுமென்று" சொல்லவில்லை என்கிறார், அந்தக் கண்ணி ப்ரோகொஸ், கழுத்தில் விழுகிற சுருக்கு. ஓர் அப்போஸ்தலனே போட மறுத்த சுருக்கை சபையில் யாரும் போடக்கூடாது.

அதே வசனத்தின் கடைசியில் இரண்டு அபூர்வமான சொற்கள். எயூபாரெத்ரொன், பக்கத்தில் நன்றாக உட்கார்ந்திருப்பது, அதற்குள் இருக்கை என்ற சொல்லே இருக்கிறது. அபெரிஸ்பாஸ்டோஸ், நாலா பக்கமும் இழுபடாமல். லூக்கா 10ல் வீட்டுக்கு வந்த இயேசுவுக்காகப் பற்பல வேலை செய்த மார்த்தாள் "மிகவும் வருத்தமடைந்து" என்று நம் வேதாகமத்தில் இருக்கிறதே, கிரேக்கத்தில் அவள் நாலா பக்கமும் இழுபட்டாள், இந்தச் சொல்லின் வேர்தான். அவள் சகோதரி மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்திருந்தாள்.

இதைப் படித்த பிறகு சபையில் நான் செய்த முதல் காரியம் மூன்று பொறுப்புகளை விட்டது. குடும்பம் இல்லாதவள், சும்மாதானே இருக்கிறாள் என்று ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கியக் கணக்கு, அறுப்பின் பண்டிகை ஏலம் எல்லாம் என் தலையில்தான் இருந்தது. கல்யாணம் ஆகாமலே மார்த்தாளாக இருந்திருக்கிறேன். இப்போது ஓய்வுநாள் பள்ளி மட்டும். காலை ஐந்து மணிக்குப் பின்வாசல் திண்ணையில் வேதாகமத்தோடு உட்காருகிறேன், அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எழுவதில்லை.

ஆசை போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. அம்மா இன்னும் யாரிடமாவது சொல்லி வைத்துக்கொண்டுதான் இருக்கிறார், போட்டோ கேட்டால் எடுத்துக் கொடுக்கிறேன். முன்பெல்லாம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.