எந்தக் கூல்?

கேள்வி: எங்கள் கல்லூரி இதழில் 'கூல்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஆசிரியர் குழுவில் பாதிப் பேர் தடை செய்யச் சொல்கிறார்கள். மீதிப் பேர், மாணவர் பேச்சே அதுதானே என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு மாணவ ஆசிரியர்

பதில்: தடை வேண்டாம். தடுத்தால் அடுத்த இதழில் 'கெத்து' வந்து அதே இடத்தில் உட்காரும். அந்தச் சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்று பாருங்கள். மேற்கோளுக்குள் ஒரு மாணவி 'கூல்' என்றால் விட்டுவிடுங்கள். அதைச் 'சிறப்பு' என்று திருத்தினால் அவர் சொல்லாததை அச்சிட்டவர் ஆவீர்கள். நிருபரின் சொந்த வாக்கியத்தில் வந்தால் மட்டும் பேனாவை எடுங்கள்.

'தேர்வு ஒத்திவைப்பை முதல்வர் கூலாக அறிவித்தார்.' பதற்றமில்லாமலா, அலட்சியமாகவா, கூச்சமே இல்லாமலா? பேச்சில் 'கூலா சொல்றாரு பாரு' என்று இழுத்தால் மூன்றாவதுதான் முந்திக்கொள்ளும். நிருபர் பாராட்டாக நினைத்தது வாசகருக்குக் குற்றச்சாட்டாகப் போய்ச் சேரும். முதல்வர் விளக்கம் கேட்டால் கையில் ஆதாரம் இருக்காது. கண்டதை எழுதச் சொல்லுங்கள்: அறிக்கையைப் படித்தார், இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னார், மூன்றாவதற்கு எழுந்து போனார். எப்படிப்பட்டவர் என்பதை வாசகர் முடிவு செய்துகொள்வார்.

ஆங்கிலக் குறிப்பிலிருந்து எழுதுகிறவர்கள் இன்னும் மோசமாகச் சறுக்குகிறார்கள். ஒரு யோசனைக்குக் 'கூல்' வரவேற்பு என்றால் ஆங்கிலத்தில் ஆர்வமில்லை, கிட்டத்தட்ட வேண்டாம் என்று பொருள். 'மாணவர் பேரவை கூலாக ஏற்றது' என்று போட்டால் செய்தியே தலைகீழ்.

சில இடங்களில் அது கலைச்சொல், கைவைக்கக் கூடாது. 'கூல் ஜாஸ்' 1940களின் இறுதியில் உருவான, தொனி அடங்கிய ஓர் இசைப் பாணி. ஊடக ஆய்வாளர் மார்ஷல் மக்லூஹன் 1964இல் ஊடகங்களை 'ஹாட்', 'கூல்' என்று பிரித்தார்: குறைந்த விவரம் தந்து மீதியைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்ளச் செய்வது கூல். அவர் கணக்கில் வானொலி ஹாட், தொலைக்காட்சி கூல். (நேர்மாறாக எழுதாத ஊடகவியல் மாணவர் குறைவு.) முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் கட்டாயம்.

தலைப்புகளில் அது வருவதற்குக் காரணம் ரசனையல்ல, அகலம். இரண்டே எழுத்து, ஒற்றைப் பத்தியில் அடங்கிவிடும். அந்த இடத்துக்கு ஒரு வினைச்சொல்லைத் தேடுங்கள். விமர்சனத்தில் 'கூலான நாடகம்' என்று வந்தால் எழுதியவர் நாடகத்தைக் கவனிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பக்கம் அச்சுக்குப் போகுமுன் கணினியில் தேடும்போது 'கூல்' என்று தட்டினால் போதாது. 'கூலாக', 'கூலான' இரண்டிலும் புள்ளி இல்லை என்பதால் அவை பிடிபடாது. புள்ளியை விட்டு 'கூல' என்று தேடுங்கள். 'கூலி'யும் கூடவே வரும், பரவாயில்லை, ஒவ்வொன்றாகப் பாருங்கள். மொத்தமாக மாற்றும் பொத்தானை மட்டும் தொடாதீர்கள், 'ஸ்கூல்' எல்லாம் 'ஸ்அருமை' ஆகிவிடும். மாற்றுச் சொல் உங்களுக்கே தெரியாத இடத்தில் ஊகிக்காமல், நிருபரை அழைத்து அங்கே என்ன பார்த்தார் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.