கட்டை விரல் மூட்டு ஆபரேஷன் ஆனவங்க கேளுங்க, கை தெரபிஸ்ட் பதில் சொல்றேன்

கேள்வி: ஆபரேஷன் ஆகி 7 வாரம் ஆச்சு. பழைய வலி இல்ல, ஆனா பால் கவர் ஓரத்த கூட பிய்க்க முடியல. ஃபெயிலா?

இல்லக்கா. வலிதான் முதல்ல போகும், பலம் கடைசில வரும். கட்டை விரல் அடில இருக்குற ட்ரபீசியம்ங்கிற சின்ன எலும்ப எடுத்த குழில தழும்புத் திசு நிறைஞ்சு இறுகணும், கிள்ளுற பிடி திரும்ப 6 மாசம், சிலருக்கு ஒரு வருஷம் கூட ஆகும். விரல் நுனில 1 கிலோ அளவுக்கு கிள்ளினா அடி மூட்டுல 12 கிலோ மாதிரி இறங்குது, அதான் பால் கவர் இந்த பாடு படுத்துது, கத்தரிக்கோல் வச்சுக்கோங்க. டாக்டர் சொல்லாம ஸ்ப்ளின்ட்ட, அதான் விரல அசையாம பிடிக்கிற பட்டைய, கழட்டாதீங்க.

கேள்வி: எலும்ப எடுத்துட்டு தசைநாண சுருட்டி வைக்கிறாங்களாமே, அதான் பெஸ்ட்டா?

1949லயே ஜெர்விஸ்ங்கிற டாக்டர், தசைநாண் வைக்காம வெறும் எலும்ப எடுக்குறத பத்தி எழுதிட்டார். ரெண்டையும் ஒப்பிட்டு பாத்ததுல வலிலயும் பலத்துலயும் பெரிய வித்தியாசம் வரல. விரல் லேசா குட்டையாகும், தொங்காது.

கேள்வி: பைக்?

எந்தக் கை? இடதுன்னா கிளட்ச் இருக்கு. ஸ்ப்ளின்ட்டோட ஓட்டவே கூடாது.

கேள்வி: தேங்கா எப்ப துருவலாம்? அருவாமனைதான் ஈஸின்னு மாமியார் சொல்றாங்க.

3 மாசத்துக்கு அந்தப் பக்கமே போகாதீங்க. அருவாமனைல ரெண்டு கட்டை விரலும் மூடிய அமுக்கித் திருப்பணும்.

இன்னொருத்தர்: சுத்துற துருவி வாங்கிக்கலாமே?

மூடிய அமுக்கிப் பிடிக்கிற கை என்ன ஆகும்?

இன்னொருத்தர்: பத்தை போட்டு மிக்சில அடிங்க, இதுக்கு இவ்ளோ பேச்சா!

பத்தை போட கத்திய விட்டு நெம்பணும்ல, மூணுலயும் மோசம் அதுதான். முந்தின நாள் ராத்திரி மூடிய ஃப்ரீசர்ல போட்டு வைங்க, காலைல கொஞ்ச நேரம் வெளிய வச்சா ஓடு தானா விட்டுரும். துருவின தேங்கா ருசி அதுல வராதுன்னு நாலு பேர் வருவீங்க, தெரியும், வீட்டுல வேற யாராவது துருவட்டும்!

கேள்வி: 8 வாரம், இன்னும் பலமே இல்ல...

முதல் பதில படிங்க. ஸ்ப்ளின்ட் போட்டிருக்கீங்களா இல்லையா?

கேள்வி: கட்டை விரல் பின்பக்கம் மரத்துப் போச்சு.

தோல் நரம்பு தையல் பக்கத்துலயே போகுது, நிறைய பேருக்கு மாசக்கணக்குல மெல்ல சரியாகும். ஆனா கை முழுக்க வீங்கி, நிறம் மாறி, துணி பட்டாலே எரியுதுன்னா இங்க டைப் பண்ணிட்டு இருக்காதீங்க, இன்னைக்கே டாக்டர்ட்ட போங்க.

கேள்வி: அப்ப அம்மி?

அய்யோ.