சொல்லிவிட்டாள், இனி நாம் என்ன செய்வது? – கடிதம்

அன்புள்ள மேடம்,

நீதிமன்றங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பதினொரு வயது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக வந்து, வீட்டுக்கு அடிக்கடி வரும் சொந்தக்கார மாமா ஒருவர் தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார், பல தடவை நடந்துவிட்டது என்று சொன்னாள். அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னேன், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றார்கள் என்றாள்.

தலைமையாசிரியரிடம் போனேன். “அது வீட்டு விஷயம். போலீஸ் என்று போனால் பிள்ளை பெயரும் கெடும், பள்ளி பெயரும் கெடும். அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம்” என்கிறார். அம்மா வந்து அழுகிறார். அந்த ஆளை இனி வீட்டுப் பக்கம் விடமாட்டோம், எழுதியே வாங்கிக்கொள்கிறோம் என்கிறார். புகார் கொடுத்தால் பிள்ளையைப் பிடுங்கி ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று அலைந்தால் அந்தப் பிள்ளை இன்னும் உடைந்துபோகாதா? நாளைக்கு நிரூபிக்க முடியாமல் போனால் என் வேலை என்ன ஆகும்? எங்கள் ஊரில் போக்சோ என்றாலே காதலித்து ஓடிப்போன பையனை உள்ளே தள்ளுகிற சட்டம் என்றுதான் பேச்சு. இந்தச் சட்டம் ஒரு குழந்தைக்கு உண்மையில் என்ன செய்கிறது? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளையை யாரென்று காட்டிக்கொடுக்கக்கூடிய வரிகளை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன். பெயர், பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் எதையும் ஊடகத்தில் சொல்லக்கூடாது என்று, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க வந்த போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிறது. கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன், குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள், தாமதிக்காதீர்கள் என்று. இங்கே பொதுவில் எழுதுவது இதே இடத்தில் நின்று தவிக்கும் மற்ற ஆசிரியர்களுக்காகவும்தான்.

வேலையைப் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். ஒரு குழந்தைக்கு எதிராக இப்படி ஒரு குற்றம் நடந்திருப்பது தெரிந்தால், அல்லது நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலே, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். 19-ஆம் பிரிவு. சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தலைமையாசிரியருக்கும் இது பொருந்தும். குற்றம் செய்தவர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவராக இருந்திருந்தால் ஒரு வருடம் வரை போகும். அவருடைய அனுமதி உங்களுக்குத் தேவையே இல்லை, நீங்களே நேராகச் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்று அதே 19-ஆம் பிரிவு எழுதி வைத்திருக்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை இருக்கிறது, 22-ஆம் பிரிவு, ஆனால் அது ஒருவரை அவமானப்படுத்தவோ, மிரட்டவோ, பணம் பறிக்கவோ வேண்டுமென்றே பொய் சொன்னவருக்கு. வழக்கு நிரூபணமாகவில்லை என்பதால் மட்டும் நீங்கள் பொய் சொன்னதாக ஆகாது. உண்மையா இல்லையா என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலையும் இல்லை. ‘தீர விசாரித்துவிட்டு அப்புறம் சொல்லலாம்’ என்று பள்ளியிலேயே ஒரு விசாரணைக் குழு போட்டுப் பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்கிறார்களே, அதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது.

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படித்த ஒரு பள்ளியில், அவர்களுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் விஷயம் தெரிந்தும் சொல்லவில்லை என்று வழக்கு. அந்த வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், பல நேரம் அது குற்றவாளியைக் காப்பாற்றுவதற்காகவே நடக்கிறது என்றது. இதை உங்கள் தலைமையாசிரியரிடம் படித்துக் காட்டுங்கள்.

அடுத்து அந்த ‘எழுதி வாங்கிக்கொள்வது’. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து ராசி பேசி, ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மாணவியிடம் தவறாக நடந்துகொண்டதாக வழக்கு. பிள்ளையின் தகப்பனாரே முத்திரைத்தாளில் சமாதானமாகிவிட்டோம் என்று எழுதிக் கொடுக்க, உயர் நீதிமன்றம் வழக்கை மூடிவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திறந்தது. இது சமூகத்துக்கு எதிரான குற்றம், இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்கிற தனிப்பட்ட தகராறு இல்லை என்றது. அந்த அம்மா எழுதி வாங்குகிற காகிதத்துக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. அதைவிட முக்கியம், அந்த ஆள் இந்த வீட்டுக்கு வராவிட்டால் அடுத்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார், அங்கேயும் ஒரு குழந்தை இருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது ‘அந்தப் பிள்ளை இன்னும் உடைந்துபோகாதா’ என்ற கேள்விதான். நியாயமான கேள்வி. 2012-க்கு முன்னால் நீங்கள் கேட்டிருந்தால், ஆமாம், உடைந்துதான் போவாள் என்று சொல்லியிருப்பேன். அப்போது இருந்தது இந்திய தண்டனைச் சட்டம். இப்படித் தொட்டதற்கு, பெரிய பெண்களுக்கு எழுதிய 354-ஆம் பிரிவு, ‘பெண்ணின் மானத்தைக் குலைத்தல்’. ஆண் குழந்தை என்றால் ‘இயற்கைக்கு மாறான உறவு’ பற்றிய 377-ஆம் பிரிவை விட்டால் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள், 53 சதவீதம், ஏதோ ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள், அவர்களில் ஆண் பிள்ளைகள் பாதிக்குச் சற்று அதிகம். சட்டப் புத்தகத்துக்கு அவர்கள் கண்ணிலேயே படவில்லை. 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ, 18 வயதுக்குக் குறைந்த எல்லோரையும், ஆண், பெண் வித்தியாசம் பார்க்காமல், குழந்தை என்றது. தொடுவது, காட்டுவது, படம் எடுப்பது, பின்தொடர்வது எல்லாவற்றையும் தனித்தனியாகக் குற்றமாக எழுதியது.

இதில் நான் பெரிதாக நினைப்பது நடைமுறையைப் பற்றிய பிரிவுகளைத்தான். உங்கள் மாணவி ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. அவள் வீட்டிலோ, அவள் சொல்கிற இடத்திலோ வாக்குமூலம் எடுக்க வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் போலீஸ், சீருடை இல்லாமல் வர வேண்டும். அவள் நம்புகிற ஒருவர் பக்கத்தில் இருக்கலாம், அது நீங்களாகவும் இருக்கலாம். எக்காரணம் கொண்டும் ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் பிள்ளைக்குப் பெண் மருத்துவர்தான் பரிசோதனை செய்ய வேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கிற இரண்டு விரல் சோதனை என்ற கொடுமையை 2013-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்துவிட்டது, 2022-இல் அதைச் செய்கிறவர் மீது நடவடிக்கை என்றே எச்சரித்தது. எந்த மருத்துவமனையாவது கேட்டால் மறுத்துவிடுங்கள். உடம்பில் காயம் இல்லையே, சாட்சி யாரும் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். தொட்டதற்குத் தழும்பு இருக்காது என்பது நீதிமன்றத்துக்குத் தெரியும், நம்பும்படியாக இருந்தால் குழந்தையின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே தண்டிக்கலாம்.

கோர்ட்டில் அந்த ஆளின் முகத்தை அவள் பார்க்கக்கூடாது. திரை, அல்லது வீடியோ வழியாக. எதிர்த்தரப்பு வக்கீல் அவளிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் கேட்பார். சாக்‌ஷி என்ற அமைப்பு போட்ட வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி இது, பிறகு சட்டத்திலேயே ஏறியது. மிரட்டுகிற மாதிரி கேட்கக்கூடாது, அவளுடைய நடத்தையைப் பற்றிக் கேட்கக்கூடாது, இடையில் ஓய்வு தர வேண்டும், திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது, வெளியாள் யாரும் அறையில் இருக்கக்கூடாது.

இதெல்லாம் எல்லா ஊரிலும் நடக்கிறதா என்றால், இல்லை. சீருடையோடு வீட்டு வாசலில் ஜீப்பில் வந்து இறங்கித் தெருவுக்கே அறிவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொண்டதிலிருந்து 30 நாளில் குழந்தையின் சாட்சியம், கூடுமானவரை ஒரு வருடத்தில் விசாரணை முடிவு என்று 35-ஆம் பிரிவு சொல்கிறது, வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போய் ஆறாம் வகுப்பில் நடந்ததைப் பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் வந்து சொல்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் பாட்டி அழுதிருப்பார், அத்தை சாபம் விட்டிருப்பார், பிள்ளை கூண்டில் ஏறி ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்லிவிடும். பிறழ் சாட்சி என்று எழுதி மூடிவிடுவார்கள்.

இதைத் தடுக்கத்தான் சட்டத்தில் ஆதரவு நபர் என்று ஒருவர் இருக்கிறார், ஏனோ யாரும் அவரைக் கேட்டு வாங்குவதே இல்லை. போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், குழு ஓர் ஆதரவு நபரைத் தரும். முதல் நாளிலிருந்து தீர்ப்பு வரை பிள்ளையோடு நிற்பது அவர் வேலை. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வார், கோர்ட்டுக்கு முதல் நாள் அந்த அறையைக் கூட்டிப்போய்க் காட்டுவார், வீட்டில் நெருக்கினால் குழுவுக்குத் தெரிவிப்பார். பச்பன் பசாவ் ஆந்தோலன் என்ற குழந்தை உரிமை அமைப்பு தொடர்ந்த வழக்கில் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது, இப்படி ஓர் உரிமை இருப்பதை எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும் என்றது. புகார் கொடுக்கும்போதே ‘ஆதரவு நபர் வேண்டும்’ என்று எழுத்தில் கேளுங்கள்.

அந்த அம்மாவின் ஹோம் பயத்துக்கும் பதில் அதே குழுவிடம் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் வசிக்கிறாரா, பிள்ளை பெற்றோரின் துணை இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்து மூன்று நாளில் முடிவெடுப்பார்கள், பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார்கள். இங்கே அந்த ஆள் வந்துபோகிறவர். அம்மா பிள்ளையின் பக்கம் நின்றால் பிள்ளை அம்மாவிடம்தான் இருக்கும். அவரிடம் கோபப்படாமல் பேசுங்கள், யாரிடம் போவது என்று தெரியாமல்தான் அவரும் நிற்கிறார். தேவைப்பட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடும் சிறப்பு நீதிமன்றத்தில் கேட்கலாம்.

தண்டனை? சொந்தக்காரர், பன்னிரண்டு வயதுக்குக் கீழே, திரும்பத் திரும்ப நடந்தது என்று மூன்று காரணங்களாலும் இது 9-ஆம் பிரிவில் வரும் தீவிரமான குற்றம். ஐந்து முதல் ஏழு வருடம். 2019-இல் சட்டத்தைத் திருத்தி மிகக் கடுமையான குற்றங்களுக்குத் தூக்கு வரை கொண்டுவந்தார்கள், அப்போது பலர் கைதட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதே 2007 ஆய்விலேயே பாதிப் பேருக்குத் துன்புறுத்தியவர் தெரிந்தவர், நம்பியவர். மாமாவைத் தூக்கில் போடுவார்கள் என்று தெரிந்தால் அந்த அம்மா இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொள்வார். தூக்கு கொண்டுவருகிற அவசரத்தை ஆதரவு நபருக்குச் சம்பளம் கொடுப்பதில் காட்டியிருந்தால் எத்தனையோ பிள்ளைகள் கூண்டில் தைரியமாகப் பேசியிருப்பார்கள்.

காதல் வழக்குகளைப் பற்றி உங்கள் ஊர்ப் பேச்சில் உண்மை இருக்கிறது. 2012 வரை சம்மத வயது 16. போக்சோ அதை 18 ஆக்கியது, பதினேழு வயதுப் பெண்ணின் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லாமல் போனது. சாதி மாறிக் காதலித்தால் பெண் வீட்டார் முதலில் தேடுவது இந்தச் சட்டத்தைத்தான். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பார்த்திபன் 2019-இல் வயதை 16 ஆகக் குறைப்பதை யோசிக்கச் சொன்னார். 2021 ஜனவரியில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படி ஒரு வழக்கை ரத்தே செய்து, வளரிளம் பருவக் காதலை தண்டிக்க இந்தச் சட்டம் வரவில்லை என்றார். சட்ட ஆணையமோ 2023-இல் வயதைக் குறைக்க வேண்டாம், 16 முதல் 18 வரையிலான வழக்குகளில் தண்டனை விஷயத்தில் நீதிபதிக்கு இடம் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே வயதில் இருக்கும்போது அதற்குத் தனி விதிவிலக்கு வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் பதினேழு வயதுக் காதலுக்கு இந்தச் சட்டம் செய்யும் அநியாயத்தைக் காட்டிப் பதினொரு வயதுக் குழந்தைக்கு அது கிடைக்காமல் செய்துவிடக் கூடாது.

கடைசியாக, இன்று ராத்திரியே செய்ய வேண்டியது ஒன்று. அவள் உங்களிடம் சொன்னதை, அவள் சொன்ன வார்த்தைகளிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள், நீங்கள் கேட்டது என்ன, அவள் பதில் என்ன என்பது உட்பட. அவளை மறுபடி தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள், வேறு யாரையும் கேட்க விடாதீர்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்கு கொடுக்காதீர்கள், யாரிடம் சொல்லப்போகிறீர்கள், ஏன் என்று அவளுக்குப் புரியும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மகளிர் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததும் எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். அவள் முதலில் சொன்னது உங்களிடம்தான் என்பதால் சாட்சி சம்மன் உங்களுக்கும் வரும். அது வரும் நாளில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தாலும் லீவு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.