கோழிக் கொட்டகைக்கு இன்னொரு கடனா?

கேள்வி: பினாங்கு, புக்கிட் மெர்தாஜாமில் வீட்டின் பின்புறம் 14 முட்டைக் கோழிகள் வளர்க்கிறேன். மதியத்தில் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன. இந்த ஆண்டு மூன்று செத்துவிட்டன. தகரக் கூரை, சாரலுக்குப் பயந்து நாலு பக்கமும் கூரை வரை பலகை. தினம் எட்டு முட்டை கிடைக்கும்; தீவனத்துக்கு மாதம் 110 வெள்ளி (ரிங்கிட்). கொழுந்தனார் சொல்லி காற்றாடி இரண்டு, நீர்த்தூவிக் குழாய் என்று கிரெடிட் கார்டில் வாங்கியதில் 3,200 வெள்ளி பாக்கி. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகைதான் கட்டுகிறேன். இப்போது 'மினி குளோஸ்ட் ஹவுஸ்' (முழுக்க மூடி, காற்றாடியால் மட்டுமே காற்றோட்டம் தரும் கொட்டகை) போடுவோம், 4,800 வெள்ளி, 6 சதவீத வட்டி, மூன்று வருடத் தவணை என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. ஒரு கோழி சாகும்போதெல்லாம் கார்டை எடுத்து ஒரு சாமான் வாங்குகிறீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள்.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். முட்டை ஒன்று 50 சென் என்று வைத்தாலும் மாதம் 120 வெள்ளி. தீவனம் போக மிச்சம் பத்து. கார்டுக்கு 18 சதவீத வட்டி என்றால் 3,200க்கு மாதம் 48 வெள்ளி. ஒரு மாத வட்டியை அடைக்க உங்கள் கோழிகள் ஏறக்குறைய ஐந்து மாதம் முட்டையிட வேண்டும். இதன்மேல் புதுத் தவணை மாதம் 157 வெள்ளி வரும். இது அந்த 6 சதவீதம் தொடக்கக் கடன் முழுவதற்கும் போடப்படும் என்ற கணக்கு; பாதிக் கடன் அடைந்த பிறகுகூட முழு 4,800க்கே வட்டி ஓடும். உண்மையில் அது 11 சதவீதத்தை ஒட்டிய வட்டி.

சரி, கோழிகளுக்கு என்ன செய்வது? கோழிக்கு வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்கும். உங்கள் கொட்டகையில் சூடான காற்று மேலே ஏறி, வெளியேற வழியில்லாமல் தகரத்தடியில் தேங்குகிறது. காற்றாடி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி வீசுகிறது. நீர்த்தூவியை இன்றே அணையுங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. தரையில் போட்ட மரத்தூள் நனைந்து எச்சத்திலிருந்து அமோனியாதான் கிளம்பும். விடியற்காலையில் கொட்டகைக்குள் கோழி உயரத்துக்குக் குனிந்து பாருங்கள், கண் எரிகிறதா என்று.

எதிரெதிர்ப் பக்கங்களில் கூரைக்குக் கீழே ஓரடிப் பலகையைக் கழற்றிவிட்டு, அரை அங்குலக் கம்பிவலை அடியுங்கள். முசாங்கும் (மரநாய்) பெரிய பாம்பும் நுழையாது. நிழலுள்ள பக்கத்தில் தாழ்வாகவும் ஒரு திறப்பு வேண்டும், குளிர்ந்த காற்று அதன் வழியாக வரட்டும். மேல் திறப்பு கோழிகள் உட்காரும் கட்டையைவிட உயரத்தில் இருந்தால் இரவில் காற்று நேராக அவற்றின்மேல் அடிக்காது. சாரலுக்குக் கூரையை இரண்டடி நீட்டுங்கள், அல்லது மழையின்போது மட்டும் இறக்கும்படி கான்வாஸ் கட்டுங்கள். இருக்கும் காற்றாடிகளில் ஒன்றை மேல் திறப்பில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் 200 வெள்ளி ஒதுக்குங்கள், ரொக்கமாக.

குளோஸ்ட் ஹவுஸ் ஆயிரக்கணக்கில் கோழி வளர்ப்பவர்களுக்கு உரியது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவை மூச்சு முட்டிச் செத்துவிடும். 14 கோழிகளுக்கு அந்த ஆபத்தை விலை கொடுத்து வாங்குவானேன்?

நீங்கள் கட்டத் துணிந்த அந்த 157 வெள்ளியை, இப்போது கட்டும் தொகையோடு சேர்த்து மாதாமாதம் கார்டுக்கே கட்டுங்கள். ஒரு வருடத்துக்குள் பாக்கி தீரும். அதுவரை கார்டைத் தொடாதீர்கள். கொழுந்தனார் கேட்டால், அவருடைய அண்ணனையே, அதாவது உங்கள் கணவரையே பேசச் சொல்லுங்கள். அப்படியும் விடாவிட்டால், பலகை கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையே வரச் சொல்லுங்கள்.