கேமராவைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: என் ஐந்து வயது மகளைப் பூங்காவில் எடுத்த இரண்டு படங்களை அனுப்பியிருக்கிறேன். நல்ல வெயில்தான், ஆனாலும் முதல் படத்தில் முகம் களையாகவே இல்லை. கேமராவை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை. ‘நல்ல வெயில்’ என்கிறீர்களே, வில்லனே அதுதான். பாப்பாவின் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது, உச்சிப் பொழுது. வெளிச்சம் தலைக்கு மேலிருந்து கொட்டினால் புருவத்தின் நிழல் கண்ணை மூடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும்.

படத்தின் இடது ஓரத்தில் ஒரு சுவர் நிழல் தெரிகிறது, பாருங்கள். அதன் விளிம்புக்கு ஓரடி உள்ளே, முகம் வெளிப்பக்கம் திரும்பியிருக்க நிறுத்தியிருந்தால் போதும். கருவிழியில் வானம் ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னும். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் கண்ணில் உயிரே இருக்காது. மரநிழலை மட்டும் நம்பிவிடாதீர்கள். இலை இடுக்கில் விழும் வெயில் முகமெல்லாம் திட்டுத் திட்டாகப் படியும். என் பையனை ஒருமுறை அப்படி எடுத்துவிட்டு, “அப்பா, எனக்கு என்ன தேமலா?” என்று கேட்க வைத்தவன் நான்.

சாயங்காலம் என்றால் சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். முடியோரம் பொன்னிழை ஓடும். ஆனால் பின்னாலிருக்கும் வெளிச்சத்தைப் பார்த்து கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க கேமராவில் ‘எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்’ என்றொரு அமைப்பு இருக்கும், அதை +1 வரை ஏற்றுங்கள். செல்போனில் முகத்தைத் தொட்டுவிட்டு வெளிச்ச அளவைக் கூட்டினாலே சரியாகும்.

அடுத்தது, நின்றுகொண்டே எடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் தலை பெருத்து, கால் குட்டையாகி, பின்னால் வெறும் தரை. மண்டி போட்டு அவள் கண் மட்டத்துக்கு வாருங்கள். தலையில் ஒரு விளக்குக் கம்பம் வேறு முளைத்திருக்கிறது. நீங்கள் பக்கவாட்டில் ஓரெட்டு வைத்தால் போய்விடும். கணுக்காலோடு வெட்டியதும் உறுத்துகிறது. பாதம் முழுதாக வரட்டும், இல்லையேல் நடுத்தொடையோடு நிறுத்துங்கள். ஓட ஆரம்பித்துவிட்டால் ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கேமராவின் கதவு, 1/500 நொடியிலோ அதைவிட வேகமாகவோ திறந்து மூடட்டும், அசைவு கலங்காது.

இரண்டாவது படம், எறும்பைக் குனிந்து பார்க்கிறாளே, அதை ‘சும்மா எடுத்தது’ என்று பின்குறிப்பில் ஒதுக்கியிருக்கிறீர்கள். முகம் பாதிதான் தெரிகிறது, விரலும் கலங்கியிருக்கிறது. ஆனால் அந்த உதடு குவிந்திருக்கும் அழகு! பிரிண்ட் போட வேண்டியது அதைத்தான்.