ஆய்வகத்தின் சாவி யாரிடம்? பள்ளித் தலைவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில், பள்ளியை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்கள் தொழில்நுட்பம் குறித்து எழுதியவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, சமூக அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றிவந்த நான், சென்ற கல்வியாண்டில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு பெற்றேன். பத்துக் கணினிகள் கொண்ட உயர் தொழில்நுட்ப ஆய்வகம் எங்கள் பள்ளியில் உள்ளது. இணையவழித் தேர்வு அறிவிக்கப்பட்டால் திறப்போம். மற்ற நாள்களில் அது பூட்டியே கிடக்கும். கைப்பேசியைத் தாண்டி எனக்கு அதிகம் தெரியாது. இளைஞரான எங்கள் கணித ஆசிரியருக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. முதலில் நான் ஒரு கணினிப் பயிற்சியை முடித்துவிட்டு, பிறகு ஆசிரியர்களிடம் இதைப் பற்றிப் பேசலாமா? — தலைமையாசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: பயிற்சியில் சேருங்கள் அம்மா; ஆனால் அது முடியும்வரை ஆய்வகம் காத்திருக்க வேண்டாம். உங்கள் கணித ஆசிரியர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் அவரால் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. கால அட்டவணையில் ஆய்வகத்துக்குப் பாடவேளை ஒதுக்கி, அந்த வேளையை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காமல் காக்கும் அதிகாரம் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் ஆய்வகங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கணினி அறிவுக் குறைவன்று. அட்டவணையில் அவற்றுக்கு இடமில்லாததே என்பது என் கணிப்பு.

நாற்பது மாணவருக்குப் பத்துக் கணினிகள் எப்படிப் போதும் என்ற ஐயம் அடுத்து எழும். குஜராத்தின் வதோதரா நகராட்சிப் பள்ளிகளில் 2002க்கும் 2004க்கும் இடையே நான்காம் வகுப்பு மாணவரிடம் நடந்த ஒரு சோதனையை இங்கே நினைவுகூரலாம். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் அதன் முடிவுகளை 2007இல் வெளியிட்டனர். இரண்டு பிள்ளைகள் ஒரு கணினியில் அமர்ந்து, வாரத்துக்கு இரண்டு மணிநேரம், தங்கள் திறனுக்கேற்ப எளிதாகவும் கடினமாகவும் மாறும் கணக்குகளைப் போட்டனர். அவர்களின் கணித மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. திட்டம் நின்றபின் அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்துபோனது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஆகவே ஒரு பருவம் நடத்திவிட்டு நிறுத்துவதில் பயன் குறைவு. உங்கள் பள்ளிக் கணக்கில் இருபது பேர் கணினியில் இணை இணையாக அமரலாம். மற்ற இருபது பேர் அதே அறையில் அதே பாடத்தின் எழுத்துப் பயிற்சியைச் செய்துவிட்டு, பாடவேளையின் நடுவில் இடம் மாறிக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான அனுபவம் பெரு நாட்டுக்கு நேர்ந்தது. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் அந்நாட்டு ஊரகத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஏராளமான கணினிகள் அனுப்பப்பட்டன. 319 பள்ளிகளை ஆராய்ந்து, அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கி 2012இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மாணவர் ஒருவருக்கான கணினி விகிதம் 0.12இலிருந்து 1.18ஆக உயர்ந்தும் கணிதத்திலும் மொழியிலும் கற்றல் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கருவிகள் போய்ச் சேர்ந்தன. எந்தப் பாடத்தின் எந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க அவை வந்தன என்பதை வகுப்பறையில் யாரும் தீர்மானித்திருக்கவில்லை.

அந்தத் தீர்மானத்தை எடுப்பதே உங்கள் முதல் வேலை. ஒரு வகுப்பு, ஒரு பாடம் என்று தொடங்குங்கள். ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்குப் பின்னக் கணக்கு வரவில்லை என்று கணித ஆசிரியரிடம் கேளுங்கள். தில்லியில் 6 முதல் 9ஆம் வகுப்பு மாணவரிடம் கணினிவழிக் கற்றல் திட்டம் ஒன்றைச் சோதித்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறாம் வகுப்பில் ஏறத்தாழ இரண்டரை வகுப்பு அளவுக்கு இருக்கும் கணிதப் பின்னடைவு ஒன்பதாம் வகுப்பில் நான்கரை வகுப்பு அளவுக்கு வளர்ந்துவிடுவதைக் காட்டியது. கணினி அங்கே பயன்பட்டதற்குக் காரணம், ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் நின்றுபோன இடத்திலிருந்து கணக்குகளை எடுத்துக்கொடுத்ததே. ஒரே ஆசிரியர் நாற்பது பேருக்கும் அவ்வாறு செய்வது கடினம். அங்கும் மென்பொருளில் பாதி நேரமும், பயிற்றுநரோடு சிறு குழுவாகப் பாதி நேரமும் கழிந்தன என்பதைக் கவனியுங்கள்.

தயக்கத்தைப் பற்றி ஒரு சொல். வாரம் ஒரு பாடவேளை அந்த இளைஞரின் ஆய்வக வகுப்பில் கடைசி வரிசையில் அமருங்கள். தலைமையாசிரியை ஓர் இளையவரிடம் கேட்டுக் கற்பதைப் பிற ஆசிரியர்கள் காண்பது, எந்தச் சுற்றறிக்கையும் தராத துணிவை அவர்களுக்குத் தரும். அங்கே கணினியைப் பார்ப்பதைவிடப் பிள்ளைகளைப் பாருங்கள். இருவர் அமர்ந்த இடத்தில் மவுஸ் எப்போதும் ஒருவர் கையிலேயே இருக்கும்; மற்றவர் வேடிக்கை பார்ப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும் என்ற விதியை வகுப்பு நடத்தும் மும்முரத்தில் ஆசிரியர் மறந்துவிடலாம். பின்னால் அமர்ந்திருக்கும் உங்கள் கண்ணில் அது உடனே படும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் மூத்த ஆசிரியர் மிகச் சிறந்தவர். ஆனால் திறன்மிகு பலகையை (ஸ்மார்ட் போர்டு) தொடவே மாட்டேன் என்கிறார். கட்டாயப்படுத்தலாமா? — உதவித் தலைமையாசிரியர், விருதுநகர்.

பதில்: கட்டாயப்படுத்தினால் அதிகாரி வரும் நாளில் மட்டும் பலகை ஒளிரும். பாடப்பொருள் அறிவு, கற்பிக்கும் முறை பற்றிய அறிவு, தொழில்நுட்ப அறிவு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் நல்ல பயன்பாடு பிறக்கிறது என்று புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் என்ற கல்வியாளர்கள் 2006இல் வாதிட்டனர். உங்கள் மூத்தவரிடம் அம்மூன்றில் இரண்டு ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. இல்லாத மூன்றாவதைக் கொண்டு அவரை அளப்பது நியாயமாகாது.

“ஐயா, கரும்பலகையில் வரைந்து காட்ட உங்களுக்கே சிரமமாக இருக்கும் பாடங்கள் எவை?” என்று கேட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பு ஒளியியலில் பொருள் நகர நகரப் பிம்பம் எங்கே போகிறது என்பதையோ, இதயத்தின் நான்கு அறைகளில் இரத்தம் ஓடும் வரிசையையோ அவர் சொல்லக்கூடும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியிலோ, 2018 முதல் வந்த பாடநூல்களிலுள்ள க்யூஆர் குறியீட்டின் வழியாகவோ அதற்கான காணொளியைத் தேடி, இணையம் உள்ள இடத்தில் முன்கூட்டியே பதிவிறக்கி, அவர் கையில் கொடுங்கள். மூன்று நிமிடக் காணொளியை நடுவே நிறுத்தி, “இப்போது பிம்பம் என்னவாகும்?” என்று கேட்கத் தெரிந்தவர் அவர்தான், கருவியை இயக்க மட்டும் தெரிந்த இளையவர் அதை முடிவுவரை ஓடவிட்டுவிடுவார். சமன்பாட்டைப் படிப்படியாக விரித்துக் காட்டுவதற்குக் கரும்பலகையே மேல் என்று அவர் சொன்னால், அதை ஒப்புக்கொள்ளுங்கள். எனக்கும் அதே கருத்துதான்.

கேள்வி: நாங்கள் நடத்தும் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு ஒரு நிறுவனத்தார் எல்லா வகுப்புக்கும் திறன்மிகு பலகை, மாணவர் செயலி, செயற்கை நுண்ணறிவு மதிப்பீடு ஆகியவற்றை ஒரே தொகுப்பாகத் தருவதாகச் சொல்கிறார்கள். பக்கத்துப் பள்ளி வாங்கிவிட்டதால் பெற்றோரும் கேட்கிறார்கள். எப்படி முடிவு செய்வது? — பள்ளி முதல்வர், ஈரோடு.

பதில்: பக்கத்துப் பள்ளி வாங்கியது உங்கள் பள்ளிக்குக் காரணமாகாது. யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை இத்துறையில் சான்று எவ்வளவு மெலிந்தது என்பதைச் சுட்டிக்காட்டியது. பிரிட்டனின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் 7 விழுக்காடு மட்டுமே, பயன்படுத்துவோரையும் பயன்படுத்தாதோரையும் குலுக்கல்போல் பிரித்து ஒப்பிடும் சீரற்ற ஒதுக்கீட்டு முறையில் தங்கள் பொருளைச் சோதித்திருந்தன. அமெரிக்காவின் 17 மாநிலங்களில் ஆசிரியர்களிடமும் நிர்வாகிகளிடமும் நடந்த கணக்கெடுப்பில், வாங்குமுன் சக ஆய்வாளர்கள் மதிப்பிட்ட சான்றைக் கேட்டவர்கள் 11 விழுக்காட்டினரே. விற்பவரைக் குறைசொல்வதற்கு முன் கேட்காத நம்மையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே கேளுங்கள். ஒரே ஒரு வகுப்பில் ஒரு பருவம் இலவசமாக நடத்திக்காட்டுவார்களா? உத்தரவாதக் காலம் முடிந்தபின் பழுதுபார்ப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு? ஒப்பந்தம் முடிந்தால், உங்கள் ஆசிரியர்கள் உருவாக்கிய பாடங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? பயிற்சி ஒரு நாள் கூட்டமா, ஆண்டு முழுதும் வகுப்பறைக்கே வந்து தருவதா? விலை பேசும்போது பலகையின் விலையை மட்டுமே பேசிவிட்டு மின்சாரம், யூபிஎஸ் பேட்டரி, இணையக் கட்டணம், பயிற்சி ஆகியவற்றை மறந்துவிடும் பள்ளிகளே அதிகம்.

மாணவர் செயலி விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2023இன் எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. அவர்களின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் சில விலக்குகள் இருந்தாலும், செயலியை நடத்தும் நிறுவனத்துக்கும் அவை பொருந்தும் என்று நீங்களாகவே கருதிக்கொள்ள வேண்டாம். எந்தெந்தத் தகவலைத் திரட்டுகிறார்கள், எங்கே வைக்கிறார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு கையெழுத்திடுங்கள். செயற்கை நுண்ணறிவு போடும் மதிப்பெண்ணை ஆசிரியர் பார்க்காமல் பெற்றோருக்கு அனுப்பும் வசதி இருந்தால், அதை அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பம் என்றாலே இணையத்தில் விவரம் பதிவேற்றுவதுதான். அதிலேயே களைத்துப்போகிறார்கள். போதாக்குறைக்குக் கணினிகளில் மூன்று பழுது. — நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: பதிவேற்றம் நிர்வாகத்தின் தேவை, அதைக் கற்பித்தலோடு கலக்காதீர்கள். வாரத்தில் குறிப்பிட்ட வேளைகளை ஒதுக்கி, முறைவைத்து ஆசிரியர்களிடம் பகிர்ந்துகொடுத்து, பாடவேளையில் அதைச் செய்யக்கூடாது என்ற கட்டுப்பாட்டை நீங்களே முதலில் கடைப்பிடியுங்கள். ஆய்வகக் கணினியை அலுவலக வேலைக்கு எடுத்துவர வேண்டாம். போனது திரும்புவது அரிது.

பழுதுக்குத் தனியாக ஒரு நோட்டு போடுங்கள். கணினியின் இருப்புப் பதிவேட்டு எண், பழுதான தேதி, புகார் அளித்த தேதி, புகார் எண், சரிசெய்த தேதி ஆகியவை அதில் இருக்கட்டும். அந்தப் பக்கத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்து, தீர்மானமாக எழுதி, குழுத் தலைவராக இருக்கும் பெற்றோரின் கையெழுத்தோடு மேலிடத்துக்கு அனுப்புங்கள். வாய்மொழிப் புகாரைவிட இது விரைவாக நகரும். அதுவரை ஓடுகின்ற கணினிகளுக்கு ஏற்ப மாணவர் குழுக்களைப் பிரித்து, இந்த வார அட்டவணையிலேயே தொடங்கிவிடுங்கள்.