தம்பி கத்துகிறான், அப்பா கேட்கவில்லை

கேள்வி: கணினியில் படம் பார்க்கும்போது வசனம் காதில் விழவில்லையே என்று ஒலியைக் கூட்டுகிறேன். அடுத்த காட்சியில் குண்டு வெடித்து, தூங்குகிறவர்கள் எல்லாம் எழுந்துவிடுகிறார்கள். எடிட்டிங் மென்பொருளில் 'நார்மலைஸ்' கொடுத்தும் ஒரு மாற்றமும் இல்லை. ஏன்?

பதில்: அதே பொத்தானை அழுத்தி ஒரு ராத்திரியைத் தொலைத்தவன் நான். அப்பாவின் 70-வது பிறந்தநாளுக்கு எடுத்த வீடியோ அது. அப்பா மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மெல்லப் பேசுகிறார். செல்போனைப் பிடித்திருந்த தம்பி, மைக்கை ஒட்டி நின்று "சத்தமா பேசுங்கப்பா!" என்று கத்துகிறான். நார்மலைஸ் கொடுத்துச் சேமித்துக் கேட்டால், அப்பாவின் குரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

காரணம் எளிது. அந்த வசதி கோப்பில் உள்ள மிக உயரமான ஒலியைத் தேடிப் பிடித்து, அது உச்சவரம்பைத் தொடும்வரை மொத்தத்தையும் ஒரே அளவு தூக்கும். தம்பி ஓர் இடத்தில் கைதட்டியிருந்தான். அந்த ஒரு தட்டல் ஏற்கெனவே உச்சவரம்பில் முட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் தூக்க இடம் ஏது?

உங்களுக்கு வேண்டியது கம்ப்ரஸர், அதாவது சத்தமான இடங்களை மட்டும் அமுக்கும் வசதி. (கோப்பின் அளவைச் சுருக்குவதையும் கம்ப்ரஷன் என்கிறார்கள், அது வேறு சமாசாரம்.) நான் வைத்த கணக்கையே சொல்கிறேன். உச்சவரம்பு 0 டெசிபல், அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். 'திரெஷோல்ட்' என்னும் எல்லைக்கோடு மைனஸ் 24 டெசிபல். 'ரேஷியோ' 4-க்கு 1. தம்பியின் கத்தல் மைனஸ் 4-ல் இருந்தது, அதாவது கோட்டுக்கு மேலே 20. அந்த 20 நாலில் ஒரு பங்காகி 5 ஆனது. தம்பி மைனஸ் 19-க்கு இறங்கினான். மைனஸ் 30-ல் பேசிய அப்பா கோட்டுக்குக் கீழே இருந்ததால் அவரை அது தொடவே இல்லை. இருவருக்கும் நடுவே 26 டெசிபலாக இருந்த இடைவெளி 11 ஆகிவிட்டது. பிறகு 'மேக்கப் கெய்ன்' கொடுத்து மொத்தத்தையும் 12 டெசிபல் தூக்கினேன். அப்பா பேசியது முதல்முறையாகப் புரிந்தது.

கூடவே மின்விசிறியின் இரைச்சலும் 12 டெசிபல் ஏறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'ரிலீஸ்' நேரத்தை, அதாவது சத்தம் அடங்கியபின் அமுக்கலைத் தளர்த்த எடுக்கும் நேரத்தை, ரொம்பக் குறைத்து வைத்திருந்ததால், தம்பி வாயை மூடும் ஒவ்வொரு முறையும் அந்த இரைச்சல் குப்பென்று மேலே வந்தது. நேரத்தைக் கூட்டியதும் அடங்கியது.

கேள்வி: கோப்பில் கை வைக்காமல், பார்க்கும்போது மட்டும் ஒலியைச் சமன் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. விஎல்சி பிளேயரில் டூல்ஸ் மெனுவுக்குள் 'எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ்' திறந்தால், ஆடியோ பகுதியில் கம்ப்ரஸர் இருக்கிறது. மேலே சொன்ன அதே அமைப்புகள்தான். இன்னொன்று: 5.1 ஒலித்தடத்தில் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் ஆனது) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்றே தனியாக இருக்கும். இரண்டே ஸ்பீக்கரில் கேட்டால் அது இசையோடும் வெடியோடும் கலந்து அமுங்கிப்போகும். ஸ்டீரியோ (இரண்டு ஸ்பீக்கருக்கான) தடமும் கோப்பில் இருந்தால் முதலில் அதற்கு மாறிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம்.

கேள்வி: நான் பதிவு செய்த 60 பாட வீடியோக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தத்தில் இருக்கின்றன. படத்தின் தரம் கெடாமல் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

பதில்: உங்களுக்குக் கம்ப்ரஸர் தேவையில்லை. ஒரு கோப்புக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசம்தானே தொல்லை? எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருளில் 'லவுட்நார்ம்' என்று ஒரு ஃபில்டர் உண்டு. உச்சத்தைப் பார்க்காமல், காதுக்கு மொத்தத்தில் எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்று அளக்கும். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2010-ல் கொண்டுவந்த ஆர்128 பரிந்துரையின் வழி அது. அதில் இலக்கு மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு). கணினியில் பார்ப்பவர்களுக்கு அது கொஞ்சம் அடக்கமாகத் தெரியும், நான் மைனஸ் 16 வைக்கிறேன். ஒரே ஓட்டத்தில் முடிக்காதீர்கள்; முதல் ஓட்டத்தில் அளந்து, அந்த எண்களை இரண்டாவது ஓட்டத்தில் கொடுங்கள். படத்தை அப்படியே 'காப்பி' செய்யச் சொல்லிவிட்டால் ஒலி மட்டும்தான் மாறும். வெளியீட்டின் சாம்பிள் ரேட்டை (ஒரு நொடிக்கு ஒலியை எத்தனை முறை அளந்து பதிவது என்ற எண்ணை) 48,000 என்று நீங்களே குறிப்பிடுங்கள். அந்த ஃபில்டர் சில சமயம் உள்ளுக்குள் 1,92,000-க்கு ஏற்றிவிடும். நான் கவனிக்காமல் விட்டு, ஒலித்தடத்தின் கோப்பளவு மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாயிற்று என்று விழித்தேன்.